கடுகிலும் அன்னாசியிலும் மெலடோனின்: தின்றால் தூக்கம் வருமா?

இரவு வேலை முடிந்து பகலில் படுத்தால் கண் மூடுவதில்லை என்ற புலம்பல், பாசிர் கூடாங் தொழிற்சாலைகளில் ஷிப்ட் பார்ப்போர் வீடுகளில் புதிதல்ல. இதற்குக் காரணமான பொருள்களில் ஒன்று மெலடோனின். இருட்டியதும் மூளையிலுள்ள பினியல் சுரப்பி இதை வெளியிடும். வெளிச்சம் பட்டால் சுரப்பு குறைந்துவிடும். 1958இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஏரன் லெர்னர் குழுவினர் மாட்டின் பினியல் சுரப்பிகளிலிருந்து இதைப் பிரித்தெடுத்தனர். நாம் உண்ணும் தாவரங்களிலும் இது இருப்பது 1995இல்தான் தெரியவந்தது.

2000இல் டெக்சஸ் ஆய்வாளர்கள் பல விதைகளை அளந்து பார்த்தனர். முன்வரிசையில் நின்றவற்றில் பல, நம் அஞ்சறைப் பெட்டிச் சரக்குகள். ஒரு கிராம் வெள்ளைக் கடுகில் 189 நானோகிராம், கருங்கடுகில் 129, வெந்தயத்தில் 43, சோம்பில் 28, ஏலக்காயில் 15. கொத்தமல்லி விதையில் வெறும் 7.

கேட்கப் பெருமையாகத்தான் இருக்கிறது. ஆனால், ஒரு கிராமை நூறு கோடிப் பங்காக்கினால் அதில் ஒன்றுதான் நானோகிராம். 3 மில்லிகிராம் மெலடோனின் மாத்திரை ஒன்றுக்கு ஈடாக வேண்டுமென்றால் சுமார் 23 கிலோ கருங்கடுகு தேவை. நாம் தாளிப்பதோ ஒரு தேக்கரண்டி!

பழங்களின் கதை சற்று வேறு. 2013இல் வெளியான தாய்லாந்து ஆய்வொன்றில் 12 ஆண்களுக்கு ஒரு கிலோ அன்னாசியின் சாறு, ஒரு கிலோ ஆரஞ்சின் சாறு, இரண்டு வாழைப்பழம் ஆகியவற்றைத் தனித்தனி முறையாகக் கொடுத்தனர். இரண்டு மணி நேரத்தில் இரத்தத்தில் மெலடோனின் அளவு அன்னாசிக்கு மூன்று மடங்கும் வாழைப்பழத்துக்கு நான்கு மடங்குக்கு மேலும் கூடியிருந்தது. பெக்கான் நானாஸ் என்று ஊருக்கே அன்னாசியின் பெயர் வைத்திருக்கும் ஜொகூருக்கு இது நல்ல செய்திதான். ஆயினும் அந்த ஆய்வு இரத்தத்தைத்தான் அளந்தது, தூக்கத்தை அல்ல. ஒரு கிலோ பழத்தின் சாற்றில் சர்க்கரையும் ஏராளம். நீரிழிவு உள்ளவர்கள் இந்தச் சோதனையை வீட்டில் செய்து பார்க்க வேண்டாம்.

மாத்திரை வாங்க நினைப்பவர்கள், குறிப்பாக இரத்தம் உறையாமலிருக்கவும் வலிப்புக்கும் மருந்து உண்பவர்கள், முதலில் மருத்துவரைக் கேட்பது அவசியம். இரவு ஷிப்ட் முடித்து வருவோர் வீடு திரும்பும்போது கறுப்புக் கண்ணாடி அணியலாம். படுக்கையறைச் சன்னலுக்குத் தடித்த திரை போட்டு, கைப்பேசியை வெளியே வைத்துவிட்டுப் படுக்கலாம்.