தென்துருவம் சென்ற உழவு இயந்திரங்கள்

ஆழமறியாமற் காலை விடாதே என்பது முன்னோர் மொழி. ஆற்றைக் குறித்துச் சொல்லப்பட்ட இம்மொழி, பாதையற்ற நிலத்தில் மோட்டார் வண்டி செலுத்துவோர்க்கும் பொருந்துவதாகும். பட்டறையிற் குறைவின்றி ஓடிய வண்டி சேற்றிலும் மணலிலும் பனியிலும் எவ்வாறு ஓடும் என்பதை அந்நிலமே சொல்ல வல்லது. ஆதலினாலே, நெடும்பயணம் புறப்படுவோர் தாம் திருத்தியமைத்த வண்டிகளை முதலிற் குறும்பயணமொன்றிற் செலுத்திப் பார்ப்பர். ஆனால் எத்தகைய பரீட்சை பயன் தரும், எத்தகையது பயன் தராது? அந்தாட்டிக்காக் கண்டத்தின் வரலாற்றிலுள்ள இரு நிகழ்ச்சிகள் இவ்வினாவுக்கு விடை பகர்கின்றன.

முதலாவது, கப்டன் ஸ்கொட் என்பவரின் இறுதிப் பயணத்தைச் சார்ந்தது. குதிரைகளுடனும் நாய்களுடனும் மூன்று மோட்டார்ச் சறுக்கு வண்டிகளையும் அவர் தென்துருவப் பயணத்திற் பயன்படுத்த எண்ணினார். 1910ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் நோர்வே நாட்டுப் பனிவெளியில் அத்தகைய வண்டி பரீட்சிக்கப்பட்டது. அச்சொன்று முறிந்தது, அதனைச் செப்பனிட்டபின் வண்டி நன்றாகவே ஓடிற்று. பனிமீது வண்டி ஓடுமா என்ற வினாவுக்கு அங்கே விடை கிடைத்தது. மிகுந்த பாரத்தை இழுத்துக்கொண்டு, கடுங்குளிரில், நாட்கணக்காக ஓடுமா என்ற வினாவுக்கோ விடை கிடைக்கவில்லை.

அவ்விடையை அந்தாட்டிக்காவே அளித்தது. 1911 ஜனவரி 8ஆம் நாள் வண்டியொன்று கப்பலிலிருந்து இறக்கப்படும்போது பனிக்கட்டியைப் பிளந்துகொண்டு கடலுள் மூழ்கிற்று. எஞ்சிய இரண்டும் அவ்வாண்டு ஒக்டோபர் 24ஆம் நாள் தெற்கு நோக்கிப் புறப்பட்டன. அவற்றின் எஞ்சின்கள் காற்றினாற் குளிர்விக்கப்படுபவை. பாரமிழுத்து மெதுவாகச் செல்லுங்கால் அவை அளவுக்கு மிஞ்சிச் சூடேறின. அவற்றை ஆறவிடுதற்கு அடிக்கடி நிற்க வேண்டியதாயிற்று. சின்னாட்களுள் எஞ்சினின் உட்டாங்கிகள் உடைந்து இரு வண்டிகளும் கைவிடப்பட்டன. அவற்றுடன் சென்ற நால்வரும் தோளிற் பட்டி பூட்டிச் சுமையைத் தாமே இழுத்துச் சென்றனர்.

இரண்டாவது நிகழ்ச்சி ஏறத்தாழ அரை நூற்றாண்டின் பின்னர் நிகழ்ந்தது. விவியன் ஃபுக்ஸ் என்பவரின் தலைமையில் அந்தாட்டிக்காவைக் குறுக்கே கடக்கும் முயற்சியொன்றைப் பொதுநலவாய நாடுகள் மேற்கொண்டன. அவர் வெடெல் கடற்பக்கமிருந்து வருவார். எதிர்ப்புறமாகிய றொஸ் கடற்பக்கத்தில் தளமொன்றை அமைத்து, அவர் வரும் வழியில் உணவும் எரிபொருளும் சேமித்து வைப்பது எட்மண்ட் ஹில்லரியின் பணி. 1953இல் டென்சிங்குடன் எவரெஸ்ட் சிகரத்தை அடைந்த அதே ஹில்லரிதான்.

அவருக்குக் கிடைத்த முக்கிய வண்டிகள் பேர்கசன் உழவு இயந்திரங்கள். ஏறத்தாழ 28 குதிரை வலுவுடையவை. நம் நாட்டு உழவர் நெல்வயல்களில் நன்கறிந்த மெஸி பேர்கசன் இயந்திரங்களுக்கு இவை முன்னோடிகள். முன்சில்லையும் பின்சில்லையும் ஒருங்கே தழுவிச் சுழலும் பட்டிகள் இவற்றுக்குப் பூட்டப்பட்டன. எனினும், வயலுக்கென்று செய்த இயந்திரத்தை நம்பி மனித உயிர்களைப் பனிப்பாலையுள் அனுப்பலாமா?

ஹில்லரி இதனைப் பேச்சினால் தீர்க்க முற்படவில்லை. 1957 மார்ச் மாதத்தில், துருவத்தின் நீண்ட இரவு தொடங்குமுன்னர், மூன்று தோழருடன் இரு இயந்திரங்களைக் குறோசியர் முனைக்குச் செலுத்திச் சென்றார். அவ்விடமோ புகழ்பெற்றது. 1911இன் மாரிகாலத்தில் ஸ்கொட்டின் தோழர் மூவர் பென்குயின் முட்டைகளைத் தேடி அங்கே கால்நடையாகச் சென்று, ஐந்து வாரம் சொல்லொணாத் துன்பமுற்று மீண்டிருந்தனர். அவர்கள் கல்லடுக்கிக் கட்டிய குடிலின் சிதைவுகளை ஹில்லரி குழுவினர் கண்டெடுத்தனர். கண்டபின் தம் இயந்திரங்களிலேயே தளத்துக்குத் திரும்பினர்.

இப்பரீட்சை மெய்யான குளிரில், மெய்யான நிலத்தில் நடந்தது. அங்கே பிறந்த நம்பிக்கையினாலேயே தெற்குப் பயணத்தை இவ்வியந்திரங்களைக் கொண்டு நடத்த ஹில்லரி துணிந்தார். எலிஸ், பேற்ஸ் என்னும் பொறிவலாளர் இருவரும் மாரிகாலம் முழுவதும் அவற்றைப் பழுதுபார்த்து வலுப்படுத்தினர். புறப்படும் வேளையில், இயந்திரம் கவிழ்ந்தாற் சாரதியைக் காக்க உருக்குச் சட்டங்களும், காற்றை மறைக்கக் கன்வஸ் மறைப்புகளும் பொருத்தப்பட்டிருந்தன.

1957 ஒக்டோபர் 14ஆம் நாள் மூன்று பேர்கசன் இயந்திரங்களும், பனிக்கென்றே அமைக்கப்பட்ட வீசல் வண்டியொன்றும் புறப்பட்டன. மென்பனியிற் புதையும்போது ஒன்றையொன்று இழுக்கவும், பனிப்பிளவில் ஒன்று வீழ்ந்தால் மற்றவை தாங்கவும் அவை கயிற்றினாற் பிணைக்கப்பட்டன. வீசல் வழியிலேயே பழுதுற்றுக் கைவிடப்பட்டது. உழவு இயந்திரங்களோ 700 மைல் தொலைவிலுள்ள இறுதிச் சேமிப்பிடத்தை அடைந்தன. ஹில்லரியின் பணி அங்கே முடிந்தது. ஆயினும் அவர் மேலும் முன்சென்று, 1958 ஜனவரி 4ஆம் நாள் துருவத்தை அடைந்தார். ஸ்கொட்டுக்குப் பின்னர் தரைவழியாக அங்கே சென்றவர் அக்குழுவினரே. மோட்டார் வண்டிகள் தரைவழியாகத் துருவத்தை அடைந்ததும் அதுவே முதற்றடவை.

அவ்வேளையில் அவர்களிடம் எஞ்சியிருந்த பெற்றோல் ஏறத்தாழ 20 கலன் மாத்திரமே. பரீட்சை ஆபத்தை முற்றாக நீக்குவதில்லை என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமா? எனினும் அது அறியாமையைக் குறைக்கின்றது. வீட்டுக்கு அண்மையில் முறியும் அச்சு ஒரு நாள் வேலை. அதே அச்சு நூறு மைலுக்கப்பால் முறியுமாயின் உயிருக்கே கேடாகலாம். வண்டியின் வலிமையைப் பிறர்க்குக் காட்டுவது பரீட்சையன்று. செல்லவிருக்கும் நிலத்தையும் சுமக்கவிருக்கும் பாரத்தையும் ஒத்த நிலைமையில் அதன் குறையைத் தேடிக் கண்டுகொள்வதே பரீட்சையாகும்.