கோலார்ச் சுரங்கமும் கரும்பொருளும்

பேரண்டத்திலுள்ள பொருளில் ஏறத்தாழ ஆறில் ஐந்து பங்கு எந்தத் தொலைநோக்கிக்கும் புலப்படாதது. நாள்மீன் கூட்டங்களின் மீது அது செலுத்தும் ஈர்ப்பொன்றே அதன் இருப்பை உணர்த்துகின்றது. கரும்பொருள் என்று விஞ்ஞானிகள் அதனை அழைப்பர். இலத்திரன், மியூவான், நியூத்திரினோ முதலான லெப்டன் குடும்பத்துத் துணிக்கைகளோடு அதற்கு ஈர்ப்பையன்றி வேறு உறவு உண்டா என்பது இன்றுவரை விடை காணாத வினா. இவ்வினாவின் வரலாற்றில் தமிழ்த் தொழிலாளர் தோண்டிய குழியொன்றுக்கும் இடமுண்டு.

கோலார் தங்கவயலை 1880 முதல் ஜோன் டெயிலர் என்னும் ஆங்கிலக் கம்பெனி அகழ்ந்தது. சுரங்கத்தில் இறங்கியோருட் பெரும்பாலோர் வட ஆர்க்காடு, சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து சென்ற நிலமற்ற தமிழர்; தீண்டாமைக் கொடுமைக்கு ஆளானவர்கள். அதே நூற்றாண்டில், அதே வறுமை துரத்த, வேறொரு சாரார் தோணியேறி எமது மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே மாத்தளைப் பக்கத்துக் கோப்பித் தோட்டங்களுக்கு நடந்தனர். வழியில் மாண்டோர் பலர். இலுப்பைக்கடவையிலிருந்து எழுதும் எமக்குக் கோலார்த் தொழிலாளர் அந்நியரல்லர்.

சம்பியன் றீவ் சுரங்கம் மூன்று கிலோமீற்றருக்கும் மேலாக ஆழ்ந்து சென்றது. அங்கே பாறை வெடித்துச் சிதறும். கற்றூசி நுரையீரலைத் தின்னும். 1930இல் தம்மைக் குற்றவாளிகள்போற் கைரேகை பதியச் சொன்னபோது தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர்.

இந்த ஆழந்தான் விஞ்ஞானிகளை ஈர்த்தது. வானிலிருந்து இடையறாது பொழியும் அண்டக் கதிர்களைப் பாறை தடுத்துவிடும். ஹோமி பாபாவின் தூண்டுதலால் 1951இல் ஸ்ரீகண்டன் கருவியோடு இறங்கினார். பின்னர் 2,700 மீற்றருக்கும் கீழே இரண்டு மாதம் வைத்திருந்த கருவியில் ஒரு மியூவான்கூடப் பதியவில்லை. அவ்வளவு அமைதியான இடத்திலேதான் அரிய துணிக்கைகளைத் தேடமுடியும். 1965இல், 2.3 கிலோமீற்றர் ஆழத்தில், டாட்டா ஆராய்ச்சி நிலையமும் ஒசாகா, டரம் பல்கலைக்கழகங்களும் சேர்ந்து, வளிமண்டலத்தில் பிறந்த நியூத்திரினோக்களின் சுவட்டைக் கண்டன. அதே ஆண்டில் தென்னாபிரிக்கத் தங்கச் சுரங்கமொன்றில் ரைன்சின் குழுவும் இதனைக் கண்டது. அங்கும் குழி தோண்டியவர் நிறவெறியின் கீழிருந்த கறுப்பினத் தொழிலாளரே.

ஆயின் கோலாரின் புதிர் 1975இல் வெளிப்பட்டது. அவ்வாண்டு கிருஷ்ணசுவாமி, மேனன், நரசிம்மம் முதலானோர் சில விசித்திரமான நிகழ்வுகளை அறிவித்தனர். இரண்டு அல்லது மூன்று தடங்கள், செறிந்த பாறையினுள் அல்லாமல், பாறைக்கும் கருவிக்கும் இடைப்பட்ட காற்றுவெளியில் ஒரு புள்ளியிலிருந்து பிரிந்தன. நியூத்திரினோ மோதுவதற்குக் காற்றில் போதிய பொருள் இல்லையே! ஆகவே பாறையில் பிறந்த புதிய துணிக்கையொன்று வெளியே வந்து சிதைந்ததோ என ஐயுற்றனர். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் முடுக்கிகளிலே தேடிப் பார்த்தனர், அகப்படவில்லை. கோலார் நிகழ்வுகள் ஏறக்குறைய மறக்கப்பட்டன.

2013இல் சென்னைக் கணித விஞ்ஞான நிலையத்தைச் சேர்ந்த மூர்த்தியும் ராஜசேகரனும் அவற்றை மீண்டும் கையிலெடுத்தனர். அத்துணிக்கை பாறையிற் பிறக்கவேண்டியதே இல்லை. குகையின் வெளியெங்கும் ஏற்கெனவே நிறைந்துள்ள கரும்பொருளே அங்கு சிதைந்து மியூவான் போன்ற லெப்டன்களைத் தந்திருக்கலாம் என்றனர். புரோத்தனைப்போல் ஐந்து முதல் பத்து மடங்கு நிறையும், பேரண்டத்தின் வயதுக்கு ஒப்பான ஆயுளும் உடைய துணிக்கை அது என்பது அவர்கள் கருத்து. முடுக்கிகள் ஏன் காணவில்லை என்பதற்கும் இதிலே விடை உண்டு. நாம் இதனை நிரூபணமாகக் கொள்ளவில்லை. நிகழ்வுகள் மிகச் சில, வேறெங்கும் உறுதிப்படவுமில்லை. எனினும், இகழ்ந்து தள்ளத்தக்க கருத்தன்று.

கோலாரிலேயே மீண்டும் சோதிக்கலாமே எனின், அதற்கு வழியில்லை. 1956இல் அரசுடைமையான சுரங்கம், தங்கம் எடுக்கும் செலவு தங்கத்தின் விலையை மிஞ்சியதால் 2001இல் மூடப்பட்டது. ஆழமான தளங்களில் நீர் நிறைந்துவிட்டது. தங்கத்தின் கணக்கே அறிவின் ஆயுளையும் தீர்மானித்தது. சுரங்கத் தொழிலாளரின் பிள்ளைகள் வேலைக்காக நாள்தோறும் ரயிலேறிப் பெங்களூர் செல்கின்றனர். அவர்தம் முன்னோர் அள்ளிய மண் சயனைட் மேடுகளாய் ஊரருகே குவிந்து கிடக்கிறது. காற்றடிக்கும் காலத்தில் அதன் தூசி வீடுகளுக்குள் படிகின்றது.