சார்ட்டருக்கு வராத தபால்

ஆர்.எம்.எஸ்.ஸில் 34 வருஷம் சார்ட்டராக இருந்தவன் நான். ஓடுகிற ரயிலில் ராத்திரி முழுக்க நின்றுகொண்டு கடிதம் பிரித்திருக்கிறேன். அப்படிப்பட்டவனுக்கே மூன்று வாரம் தபால் வராமல் போன கதை இது.

கனடாவில் இருக்கும் என் பள்ளித்தோழன் வாட்ஸ்அப் பக்கமே வராதவன். நீளநீளமாக மின்னஞ்சல்தான் எழுதுவான். திடீரென்று நின்றுவிட்டது. நான் இரண்டு கடிதம் போட்டேன். பதில் இல்லை. எனக்கும் ரோஷம் வந்து விட்டுவிட்டேன். வேறு கடிதமும் வரவில்லைதான். விளம்பரத் தொல்லை ஒழிந்தது என்று நினைத்துக்கொண்டேன்! கடைசியில் அவனே போன் செய்தான்.

"ஏண்டா, ஆபரேஷன்னு எழுதியிருந்தேனே, ஒரு வரி கேட்கக் கூடாதா?"

பதறிப்போய் கணினி முன் உட்கார்ந்தேன். கடிதம் போகிறது, வரவில்லை. அது எப்படி என்று தேடப் போய்த்தான் இந்தப் பழைய வரலாறு கிடைத்தது.

மின்னஞ்சலில் அனுப்புவது ஒரு இலாகா, பெறுவது வேறு இலாகா. அனுப்பும் விதிமுறையான எஸ்.எம்.டி.பி.யை 1982-இல் எழுதியவர் ஜான் போஸ்டல். பெயரிலேயே தபால்! ஆனால் அந்த முறையில் கடிதம் வாங்கும் கணினி எப்போதும் விழித்திருக்க வேண்டும். மேசைக் கணினியை ராத்திரி அணைத்துவிடுவோமே? அதற்காக 1984-இல் ஜாய்ஸ் ரெனால்ட்ஸ் வகுத்தது 'போஸ்ட் ஆபீஸ் புரோட்டோகால்', சுருக்கமாக பாப். 1988-இல் அதன் மூன்றாம் வடிவம் வந்தது. இன்றும் பலர் வீட்டில் ஓடுவது அதுதான்.

நம் ஊர் வியாபாரிகள் தபால் ஆபீஸில் போஸ்ட் பாக்ஸ் எடுத்திருப்பார்களே, அதே ஏற்பாடு. கடிதம் அங்கே காத்திருக்கும். நாம் போய் எடுத்துக்கொள்ள வேண்டும். நம் கணினி பெயரும் கடவுச்சொல்லும் சொல்லும். எத்தனை கடிதம் என்று கேட்கும். பிறகு ஒவ்வொன்றாக வாங்கும். முடிந்ததும் 'போய் வருகிறேன்' என்று முறையாக விடைபெற வேண்டும். அதன் பிறகுதான் அங்கே அழிக்கச் சொன்ன கடிதங்கள் அழியும். நடுவில் இணைப்பு அறுந்தால் ஒன்றும் அழியாது. ஒப்புகை இல்லாமல் பையைக் கைமாற்றாத எங்கள் வழக்கம் மாதிரியே இருந்தது. படித்தபோது சிரித்துவிட்டேன்.

என் கோளாறும் இந்த வரிசையில்தான் இருந்தது. யாரோ ஒரு கல்யாண வீடியோவை அனுப்பியிருந்தார்கள். மின்னஞ்சலில் இணைப்புகள் எழுத்துகளாக மாற்றப்பட்டுப் பயணிப்பதால் மூன்றில் ஒரு பங்கு பருத்துவிடும். 15 எம்.பி. கோப்பு 20 ஆகும். என் மந்தமான இணைப்பில் அது பாதி இறங்குவதற்குள் நேரம் கடந்து அறுந்துவிடும். அடுத்த முறையும் அதே கடிதம், அதே இடம். அதற்குப் பின்னால் நின்ற அத்தனையும் வரிசையில் காத்துக் கிடந்தன. பிழைச் செய்தி வந்துகொண்டுதான் இருந்தது. 'நெட் சரியில்லை' என்று நான்தான் படிக்காமல் மூடிக்கொண்டிருந்தேன்.

பிரவுசர் வழியாகப் பெட்டியைத் திறந்து அந்த வீடியோவை வேறு இடத்துக்கு நகர்த்தினேன். திரும்பி வந்து 'பெறு' பொத்தானை அழுத்தியதும் 61 கடிதங்கள் கொட்டின.

உங்களுக்கும் இப்படி நின்றால் முதலில் பிரவுசரில் பாருங்கள். அங்கே கடிதம் இருந்தால் கோளாறு உங்கள் மேசையில்தான். கடவுச்சொல், இடக் கொள்ளளவு, வரிசையை அடைக்கும் பெரிய கடிதம், இந்த மூன்றையும் சோதியுங்கள். காரணம் தெரியும் முன் கணக்கை நீக்கிவிட்டுப் புதிதாகச் சேர்க்காதீர்கள். பழைய கடிதங்கள் உங்கள் கணினியில் மட்டுமே இருக்கக்கூடும்.

அந்த 61-இல் அவனுடையது நான்கு. ஒன்று ஆபரேஷனுக்கு முதல் நாள் ராத்திரி எழுதியது. எங்கள் பள்ளிக்கூடத்துக் கிணற்றடியைப் பற்றி இரண்டு பக்கம். கடைசி வரியில், 'பயமாக இருக்கிறது, உடனே எழுது' என்றிருந்தான்.

அவன் இப்போது நலம். அந்தக் கடிதத்துக்கு மட்டும் கையால் எழுதி, தபால்தலை ஒட்டி, பதில் அனுப்பினேன்.