தரிசு என்று எழுதியது யார்?

பகல் வெயிலும் ஆடிக் காற்றும் தருகிற மின்சாரத்தை லித்தியம் மின்கலங்களில் அடைத்து, விளக்கேற்றும் நேரத்தில் திருப்பி விடுகிற நிலையங்கள் வரத் தொடங்கியிருக்கின்றன. 2024இல் உருவான தமிழ்நாடு பசுமை எரிசக்திக் கழகம், துணைமின் நிலையங்களை ஒட்டி இவற்றை அமைக்க ஒப்பந்தப்புள்ளி கோரியிருக்கிறது. நாளைக்குப் பெரம்பலூர், அரியலூர்ப் பக்கமும் வரலாம். வரட்டும். கரி எரிப்பதற்கு இது தேவலை. எங்கே வைப்பது, யாரைக் கேட்டு வைப்பது என்பதுதான் நம் கேள்வி. இந்தக் கேள்விக்கு நம்ம மண்ணில் ஒரு வரலாறு இருக்கிறது.

ஜெயங்கொண்டம் பகுதியில் மண்ணுக்கடியில் பழுப்பு நிலக்கரி கிடக்கிறது. அதை வெட்டி அனல்மின் நிலையம் வைக்கப் போவதாகச் சொல்லி, 1990களின் பின்பாதியில் டிட்கோ நிறுவனத்துக்காக 13 கிராமங்களில் எட்டாயிரம் ஏக்கருக்கு மேல் கையகப்படுத்தினார்கள். அப்போது எல்லாம் பெரம்பலூர் மாவட்டம். 1995இல் திருச்சியிலிருந்து பிரிந்தது. அரியலூரை 2001இல் தனி மாவட்டமாக்கி, 2002இல் திரும்பச் சேர்த்து, 2007இல் மறுபடி பிரித்தார்கள். மாவட்டம்தான் மாறி மாறிப் போனது; மின் நிலையம் வரவேயில்லை. நஷ்டஈடு போதாதென்று பட்டாதாரர்கள் கோர்ட்டுக்கு அலைந்தார்கள். கால் நூற்றாண்டு கழித்து, திட்டத்தைக் கைவிட்டு நிலத்தைத் திருப்பித் தர அரசு முடிவு செய்தது.

இந்தக் கதையைச் சொல்பவர்கள் இங்கேயே நிறுத்திக் கொள்கிறார்கள். நஷ்டஈடும் பட்டாவுக்கு, திருப்பிக் கொடுத்ததும் பட்டாவுக்கு. முந்திரிக் காட்டில் கொட்டை பொறுக்குகிற பெண்கள், கடலைக் கொல்லையில் களையெடுக்கிற சனம், வாரத்துக்கு உழுகிறவர்கள், புறம்போக்கில் ஆடு ஓட்டுகிறவர்கள் – இவங்க பேரு எந்தக் கணக்குல இருக்கு? 2011 கணக்கெடுப்பின்படி பெரம்பலூர் மாவட்டத்தில் நூற்றுக்கு 31 பேர் தலித்துகள். மாநிலத்தில் 20 பேர். வேலை செய்யும் கை அதிகம், பட்டாவில் பேர் குறைவு. நிலம் எடுப்பு வரலாற்றை பட்டாவை வைத்து எழுதினால் நாம் அதில் இருக்க மாட்டோம்.

நகரத்தில் எது குடியிருப்பு, எது தொழிற்சாலை என்று பிரிக்க, 1971ஆம் ஆண்டின் நகர், ஊரமைப்புச் சட்டப்படி வரைபடம் உண்டு. பெரும்பாலான கிராமங்களுக்கு அது கிடையாது. அங்கே நிலத்தைப் பிரித்து வைத்திருப்பது வி.ஏ.ஓ. கையிலுள்ள ஏ-பதிவேடு: நன்செய், புன்செய், நத்தம், மேய்ச்சல் புறம்போக்கு, தரிசு. தரிசு என்று வெள்ளைக்காரன் எழுதியது வரி வராத நிலத்தை. இன்றைக்கு அதை ஆளே இல்லாத நிலம் என்று படிக்கிறார்கள். இதற்கும் முந்தைய வரைபடம் ஒன்று இருக்கிறது: ஊர், சேரி. குப்பைமேட்டுக்கும் சாராயக் கடைக்கும் காலங்காலமாக இடம் குறித்துக் கொடுத்தது அதுதான்.

பஞ்சமி நிலமும் இந்தத் தரிசிலிருந்து பிறந்ததே. செங்கற்பட்டு கலெக்டர் ட்ரெமென்ஹீர் 1891இல் கொடுத்த அறிக்கையைத் தொடர்ந்து 1892இல் ஆணை பிறந்தது. பத்தாண்டுக்கு விற்கக் கூடாது. அதற்குப் பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கு வெளியே போகக் கூடாது. போனது. கடனுக்குப் போனது, மிரட்டலுக்குப் போனது, பதிவேட்டில் பேரை மாற்றி எழுதியதால் போனது. அதை மீட்கக் கிளம்பிய போராட்டத்தில் 1994 அக்டோபர் 10 அன்று செங்கற்பட்டில் ஜான் தாமஸும் ஏழுமலையும் போலீஸ் துப்பாக்கிக்குப் பலியானார்கள். ஆகவே பதிவேட்டில் ஒரு சொல் என்பது வெறும் சொல் அல்ல.

மின்கல நிலையத்துக்கு எட்டாயிரம் ஏக்கர் வேண்டாம்; சில ஏக்கர் போதும். ஆபத்தும் அங்கேதான் இருக்கிறது. சின்ன இடம், சத்தமில்லாமல் காரியம் முடியும். 2013ஆம் ஆண்டின் நிலம் எடுப்புச் சட்டம், மூன்றாண்டு அந்த மண்ணில் உழைத்துப் பிழைத்த விவசாயக் கூலியையும் குத்தகைதாரரையும் பாதிக்கப்பட்ட குடும்பம் என்கிறது. ஆனால் தமிழ்நாட்டில் தொழில் திட்டங்களுக்கு நிலம் எடுக்க 1997ஆம் ஆண்டின் தனிச் சட்டம் இருக்கிறது. அதில் சமூகத் தாக்க மதிப்பீடு கிடையாது. அது செல்லும் என்று உச்ச நீதிமன்றமும் 2021இல் சொல்லிவிட்டது. தனியாரிடம் குத்தகைக்குப் பிடித்தாலோ புறம்போக்கில் வைத்தாலோ, நிலம் எடுப்பு என்ற பேச்சே எழாது. கூலிக்காரி எந்தச் சட்டத்தைக் காட்டிக் கேட்பாள்?

தீயையும் யோசிக்க வேண்டும். லித்தியம் மின்கலம் ஒன்று சூடேறிப் பற்றினால் பக்கத்திலுள்ளதையும் பற்ற வைக்கும். நச்சுப் புகை கிளம்பும். தண்ணீர் ஊற்றி லேசில் அணைக்க முடியாது. 2025 ஜனவரி 16 அன்று அமெரிக்காவின் கலிபோர்னியாவில் மாஸ் லேண்டிங் நிலையம் எரிந்தபோது ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களை வீட்டை விட்டு வெளியேற்றினார்கள். பழைய மின் நிலையக் கட்டடத்துக்குள் மின்கலங்களை நெருக்கி அடுக்கியிருந்தார்கள். திறந்த வெளியில் பெட்டி பெட்டியாக, இடைவெளி விட்டு வைப்பது இதற்கு ஒரு காப்பு. அந்த இடைவெளிக்கும் நிலம் வேண்டும். அதைச் சேரிப் பக்கம் மிச்சம் பிடிக்கக் கூடாது.

கேட்க வேண்டியதைத் தெளிவாகக் கேட்போம். 1892 ஆணைப்படி கொடுத்த நிலம் எது என்று பழைய பதிவேட்டோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் ஒரு சென்ட் நிலத்தையும் ஒதுக்கக் கூடாது. மேய்ச்சல் நிலத்தைத் தொடும் முன் ஆடு மேய்க்கிறவர்களைக் கேட்க வேண்டும். நிலையத்துக்கும் வீடுகளுக்கும் இடையிலான தூரத்தை ஊர்த் தெருவிலிருந்து மட்டும் அளக்காமல் காலனியின் கடைசி வீட்டிலிருந்தும் அளக்க வேண்டும். அரியலூரில் சிமெண்டுக்குச் சுண்ணாம்புக்கல் எடுத்து முடித்த சுரங்கங்களைச் சுற்றி மேட்டு நிலம் கிடக்கிறதா என்று முதலில் பார்க்கட்டும். கிராமசபையில் இதையெல்லாம் காலனி சனம் உட்கார்ந்திருக்கும்போது பேசட்டும். தீர்மானத்தைப் படித்துக் காட்டிவிட்டு அப்புறம் கையெழுத்து வாங்கட்டும்.

அதற்கு முன்னால் நாம் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. தாலுகா ஆபீசுக்குப் போய் நம்ம ஊர் ஏ-பதிவேட்டின் நகலைக் கேட்டு வாங்குவோம். தரிசு என்று எழுதியிருக்கும் ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் எதிரே, அங்கே யார் ஆடு மேய்க்கிறார்கள், யார் சுள்ளி பொறுக்குகிறார்கள், யார் உழுகிறார்கள் என்று நாமே எழுதி வைப்போம்.