குதிரையின் இடது காது

வாகைத் துண்டு எங்கள் மரச் சிற்பப் பட்டறையில் இறங்கிய மறுநாளே ஓர் ஆயா பேருந்தேறி அரும்பாவூருக்கு வந்துவிட்டார். அவர் ஊர்ப் பெருமாள் பரிவேட்டைக்குப் போகக் குதிரை வாகனம். அவர் குடும்பத்து உபயம். நெல் விற்ற காசு, நாலு தவணை. நாலு முறையும் அவரே வந்தார்.

“ஏன் ஆயா, யார்கிட்டயாவது குடுத்தனுப்பக் கூடாதா?” என்றார் அப்பா.

“காசு மட்டும் வந்தாப் போதுமா ஆசாரி? நான் வர வேணாமா?”

சிராய்க் குவியலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, பாதி செதுக்கிய குதிரையின் இடது காதைப் பிடித்தபடி பேசிக்கொண்டிருப்பார். குதிரைக்குக் கண் திறந்த அன்று எங்கள் வீட்டில்தான் சாப்பிட்டார்.

தானத்தைக் கொடுத்துவிட்டு மறப்பது நம் பழைய வழக்கமே இல்லை. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளைப் பாருங்கள். ஒரு நந்தாவிளக்குக்கு 96 ஆடுகள். அவற்றை ஏற்ற இடையர் நாள்தோறும் உழக்கு நெய் அளக்க வேண்டும். கிழடு கழிந்தாலும் குட்டிகள் ஈடுகட்டும் என்பதால் ‘சாவா மூவாப் பேராடு’ என்றார்கள். இடையர் பெயரோடு, அவர் தவறினால் நெய் அளக்க வேண்டிய உறவினர் பெயர்களையும் வெட்டி வைத்தார்கள். ஆயிரம் ஆண்டுக்கு முன் ஒரு விளக்குக்காக எத்தனை வீடுகள் ஒன்றோடொன்று கட்டுண்டு கிடந்தன! திருவிழாவில் ஒரு நாளை ஒரு குடும்பம் ஏற்கும் மண்டகப்படியும் அப்படித்தான். வருஷா வருஷம் அந்த நாளில் குடும்பம் நேரில் வந்து நின்று பரிவட்டம் கட்டிக்கொள்ள வேண்டும்.

2020-இல் எங்கள் மரச் சிற்பத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. இப்போது முகம் பார்க்காமலே தொலைபேசியில் பேசி முழுப் பணத்தையும் அனுப்புகிறவர்களும் இருக்கிறார்கள். நல்ல மனசுதான், குறை சொல்லமாட்டேன். ஆனால் அப்படிப் போன ஒரு யாளி ஈரத்தில் கிடந்து பொருத்து விட்டுப்போனதை யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. தெரிந்தபோது பாதியைக் கரையான் தின்றிருந்தது. இரண்டு ராத்திரி எனக்குத் தூக்கம் இல்லை.

ஆயாவின் குதிரைக்கு அந்தக் கதி வராது. திருவிழாவுக்குப் பத்து நாள் முன்னால் அந்த வீட்டிலிருந்து அழைப்பு வரும். நான் போய் ஆப்பு இறுக்கி, தண்டு பார்த்துவிட்டு வருவேன். ஆயா காலமாகிவிட்டார். போன முறை வண்ணம் பூசும்போது அவர் பேத்தி பக்கத்திலேயே நின்றாள்.

“அண்ணே, இடது காதை மட்டும் விட்டுருங்க.”

கைபட்டுக் கைபட்டு வண்ணம் போய், அங்கே வாகையின் பழுப்பு தெரிந்தது. தூரிகையை எடுத்துவிட்டேன்.