வீட்டுப் பரிமாற்ற விடுமுறை

வீட்டுப் பரிமாற்ற விடுமுறை என்பது இரண்டு குடும்பங்கள் தத்தம் வீடுகளைக் குறிப்பிட்ட சில நாட்களுக்கு ஒருவர் மற்றவருக்குத் தங்கக் கொடுத்து, வாடகை எதுவும் பெறாமல் விடுமுறையைக் கழிக்கும் முறை ஆகும். சுற்றுலாச் செலவில் பெரும்பங்கு வகிக்கும் விடுதிக் கட்டணம் இதில் இல்லாமல் போகின்றது. பணத்தின் இடத்தை இங்கு நம்பிக்கை பெறுவதால், முன்பின் அறியாத இருவர் ஒருவரையொருவர் எவ்வாறு நம்புவது என்பதே இம்முறையின் அடிப்படைச் சிக்கலாக உள்ளது. ஐரோப்பா, வட அமெரிக்கா, ஆஸ்திரேலியா ஆகிய பகுதிகளில் இது நன்கு வேரூன்றியுள்ளது. இந்தியாவில் இன்னும் பரவலாகவில்லை.

சொல்லும் பொருளும்

அன்றாட வழக்கில் "வீடு மாற்றிக்கொள்ளுதல்" என்று கூறப்பட்டாலும், இதில் உடைமை மாறுவதில்லை. இந்தியாவின் 1882 ஆம் ஆண்டுச் சொத்து மாற்றச் சட்டத்தின் 118 ஆம் பிரிவு கூறும் பரிமாற்றம், ஒரு சொத்தின் உடைமையைக் கொடுத்து மற்றொன்றின் உடைமையைப் பெறுவதைக் குறிக்கும். விடுமுறைப் பரிமாற்றம் அவ்வகையைச் சேர்ந்தது அன்று. வீட்டில் சில நாட்கள் இருந்து செல்வதற்கான இசைவு மட்டுமே இங்கு வழங்கப்படுகின்றது. 1882 ஆம் ஆண்டு இந்திய வசதியுரிமைச் சட்டத்தின் 52 ஆம் பிரிவு கூறும் "உரிமம்" என்பதற்கு இது நெருக்கமானது. வாடகை பெறப்படாததால் வாடகைக் குடியிருப்பிலிருந்தும் இது வேறுபடுகின்றது.

வரலாறு

இம்முறையை ஒழுங்கான அமைப்பாக வளர்த்தவர்கள் பள்ளி ஆசிரியர்கள் ஆவர். 1953 இல் நெதர்லாந்து, சுவிட்சர்லாந்து நாடுகளைச் சேர்ந்த ஆசிரியர்கள் தொடங்கிய முயற்சியே பின்னர் இன்டர்வாக் என்னும் பன்னாட்டு அமைப்பாக வளர்ந்தது. ஏறத்தாழ அதே காலத்தில் அமெரிக்காவிலும் ஆசிரியர் ஒருவரால் இதே போன்ற முயற்சி தொடங்கப்பட்டது. அது இன்று ஹோம்லிங்க் என அறியப்படுகின்றது. ஆசிரியர்களுக்கு நீண்ட கோடை விடுமுறை இருந்தது. ஆனால் அதை வெளியூரில் கழிப்பதற்குப் போதிய ஊதியம் இல்லை. விடுமுறையில் பூட்டிக் கிடக்கும் வீடே அவர்களிடம் இருந்த செல்வம்.

தொடக்க காலத்தில் உறுப்பினர்களின் வீடுகள் பற்றிய விவரங்கள் அச்சிட்ட கையேடுகளாக அஞ்சலில் அனுப்பப்பட்டன. பிடித்த வீட்டைக் கண்டவர் அதன் உரிமையாளருக்குக் கடிதம் எழுதுவார். இசைவு பெறுவதற்குப் பல வாரங்களும், சில வேளைகளில் மாதங்களும் ஆயின. எனினும், இக்கடிதப் போக்குவரத்தே இரு குடும்பங்களும் ஒன்றையொன்று அறிந்துகொள்ள உதவியது.

1992 இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் எட் குசின்சு என்பவர் ஹோம் எக்ஸ்சேஞ்சு நிறுவனத்தைத் தொடங்கினார். 1990களின் இடைப்பகுதியில் இது இணையத்துக்கு மாறியது. 2006 இல் வெளிவந்த தி ஹாலிடே என்னும் ஆங்கிலத் திரைப்படம், இங்கிலாந்துச் சிற்றூர் வீடு ஒன்றும் லாஸ் ஏஞ்சலஸ் வீடு ஒன்றும் பரிமாறப்படுவதைக் கதையாகக் கொண்டது. இம்முறையைப் பொதுமக்களிடம் கொண்டு சென்றதில் இப்படத்துக்கும் பங்கு உண்டு. 2011 இல் பிரான்சில் தோன்றிய கெஸ்ட் டு கெஸ்ட் நிறுவனம், 2017 இல் ஹோம் எக்ஸ்சேஞ்சு நிறுவனத்தை வாங்கியது. பின்னர் இரண்டும் ஹோம் எக்ஸ்சேஞ்சு என்ற பெயரிலேயே இணைக்கப்பட்டன.

வகைகள்

ஒரே காலப் பரிமாற்றம்: இரு குடும்பங்களும் ஒரே நாட்களில் ஒன்றின் வீட்டுக்கு மற்றது செல்லும். இதுவே மூல வடிவம் ஆகும்.

வேறு காலப் பரிமாற்றம்: ஒரு குடும்பம் மே மாதத்தில் தங்கினால், மற்றது திசம்பரில் தங்கலாம். இரண்டாவது வீடு வைத்திருப்போருக்கு இது ஏற்றது.

விருந்தோம்பல் பரிமாற்றம்: வீட்டார் வீட்டிலேயே இருந்து விருந்தினரைத் தங்க வைப்பர். பின்னர் அவர்களும் அவ்வாறே சென்று தங்குவர்.

புள்ளி முறை: தம் வீட்டை ஒருவருக்குக் கொடுப்பவர் புள்ளிகளைப் பெற்று, அவற்றை வேறொருவர் வீட்டில் தங்கப் பயன்படுத்துவார். இருவரும் ஒருவர் ஊரை மற்றவர் விரும்ப வேண்டும் என்ற கட்டாயம் இதனால் நீங்குகின்றது. பண்டமாற்றில் இருந்த இடர்ப்பாட்டை நாணயம் நீக்கியது போன்றதே இது.

செயற்படும் முறை

பொதுவாக ஒரு பரிமாற்றம் பின்வரும் படிகளில் நடைபெறும்.

1. வீட்டின் ஒளிப்படங்கள், அறைகள், அருகிலுள்ள இடங்கள், செல்ல விரும்பும் ஊர்கள் ஆகியவை பட்டியலிடப்படும்.
2. இரு தரப்பினரும் கடிதம், தொலைபேசி அல்லது நிகழ்படப் பேச்சு வழியாக அறிமுகமாவர்.
3. நாட்கள், தங்குவோர் எண்ணிக்கை, பூட்டி வைக்கப்படும் அறை, மின்கட்டணம், சமையல் எரிவாயு உருளை, வளர்ப்பு விலங்குகள், வண்டிகளின் பயன்பாடு ஆகியவை எழுத்தில் உடன்படப்படும்.
4. சாவி நேரிலோ நம்பிக்கையான அயலார் மூலமோ ஒப்படைக்கப்படும்.
5. புறப்படும்போது வீடு வந்தபோது இருந்த நிலையிலேயே விட்டுச் செல்லப்படும்.

ஒருவர் வீட்டில் மற்றவர் இருக்கும் அதே நேரத்தில் இவர் வீட்டில் அவர் இருக்கின்றார் என்பதே ஒரே காலப் பரிமாற்றத்தின் முதன்மையான காப்பு எனக் கருதப்படுகின்றது.

எடுத்துக்காட்டு: பாலக்கோடு

இம்முறை பெருநகரங்களுக்கு மட்டுமே பொருந்தும் என்னும் கருத்து உண்டு. தமிழ்நாட்டின் தருமபுரி மாவட்டத்திலுள்ள பாலக்கோடு போன்ற ஒரு சிற்றூரைக் கொண்டு இதனைச் சீர்தூக்கிப் பார்க்கலாம்.

பாலக்கோடு, சேலத்திலிருந்து தருமபுரி, ஓசூர் வழியாகப் பெங்களூர் செல்லும் தொடருந்துப் பாதையில் அமைந்துள்ளது. காவிரி அருவியாக விழும் ஒகேனக்கல் இதே மாவட்டத்தில், பென்னாகரம் வட்டத்தில் உள்ளது. விடுதலைப் போராட்ட வீரர் சுப்பிரமணிய சிவா 1925 சூலை 23 அன்று மறைந்த பாப்பாரப்பட்டியும், பஞ்சப்பள்ளியிலுள்ள சின்னாறு அணையும் இவ்வட்டாரத்தில் உள்ளன. ஆகவே கடற்கரை நகரமான தூத்துக்குடியில் வாழும் குடும்பம் ஒன்று பாலக்கோட்டில் தங்கி மலையும் ஆறும் காணலாம். பாலக்கோட்டுக் குடும்பம் தூத்துக்குடியில் தங்கிக் கடலையும் திருச்செந்தூரையும் காணலாம்.

நால்வர் கொண்ட குடும்பத்துக்கு விடுதி அறை வாடகை நாளொன்றுக்கு 2,000 ரூபாய் எனக் கொண்டால், 6 இரவுகளுக்கு 12,000 ரூபாய் ஆகும். பரிமாற்றத்தில் இத்தொகை முழுவதும் மிச்சமாகும். சமையலறை கிடைப்பதால், மூன்று வேளையும் உணவகத்தில் உண்ணும் செலவும் குறையும். பயணக் கட்டணம் மட்டும் குறையாது. மறுபுறம், பெயர்பெற்ற கோடை வாழிடங்களைப் போல் பலரும் தேடி வரும் ஊராகப் பாலக்கோடு இல்லை. எனவே நேரடிப் பரிமாற்றத்துக்கு இணை கிடைப்பது அரிதாகலாம். இத்தகைய ஊர்களுக்குப் புள்ளி முறையே கூடுதலாகப் பொருந்தும்.

இந்தியச் சூழல்

பணம் கொடுக்காமல் வெளியூரில் தங்குவது தமிழருக்குப் புதியது அன்று. வழிப்போக்கர்க்கும் யாத்திரிகர்க்கும் அரசர்களும் வணிகர்களும் சத்திரங்கள் கட்டினர். மதுரையிலுள்ள மங்கம்மாள் சத்திரமும், காசி, இராமேசுவரம் முதலிய தலங்களில் நாட்டுக்கோட்டை நகரத்தார் அமைத்த விடுதிகளும் இதற்குச் சான்றாகும். கோடை விடுமுறையில் பிள்ளைகளைத் தாத்தா பாட்டி வீட்டுக்கோ மாமா வீட்டுக்கோ அனுப்பும் வழக்கமும் பரவலானது. இவ்வருகை பின்னொரு நாளில் ஈடுசெய்யப்படுவதால் இதுவும் ஒருவகைப் பரிமாற்றமே ஆகும். ஆயினும் சத்திரம் அறத்தையும், மாமா வீடு உறவையும் அடிப்படையாகக் கொண்டவை. வீட்டுப் பரிமாற்றம் அறிமுகமற்றோரிடையே நிகழ்வது.

நடுவண் அரசு ஊழியர்களுக்கு விடுப்புப் பயணச் சலுகை உள்ளது. ஆனால் அது பயணக் கட்டணத்தை மட்டுமே ஈடுசெய்கின்றது. தங்கும் செலவை ஊழியரே ஏற்க வேண்டும். சிம்லா, கன்னியாகுமரி முதலிய இடங்களில் அரசு நடத்தும் விடுமுறை இல்லங்கள் இக்குறையை ஓரளவே போக்குகின்றன.

சட்டம் தொடர்பானவை

வாடகை வீட்டில் இருப்பவர் உரிமையாளரின் இசைவின்றி வீட்டைப் பிறரிடம் விடுவது சிக்கலை உண்டாக்கும். 2019 இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு நில உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகள், பொறுப்புகள் ஒழுங்குமுறைச் சட்டம் உள்வாடகைக்குக் கட்டுப்பாடு விதிக்கின்றது. அரசுக் குடியிருப்புகளிலும் ஒதுக்கீடு பெற்றவர் அதனைப் பிறருக்கு உள்வாடகைக்கு விட முடியாது. வெளிநாட்டவரைத் தங்க வைப்பவர், அவர் வந்த 24 மணி நேரத்துக்குள் அயல்நாட்டவர் பதிவு அலுவலருக்குத் தெரிவிக்க வேண்டும்.

தடைகளும் விமர்சனங்களும்

இம்முறை குறைந்த செலவில் சுற்றுலா செல்ல உதவினாலும், எல்லோருக்கும் உதவுவதில்லை. இதில் தங்குவதற்கு வாடகை தேவையில்லை. ஆனால் பிறர் தங்க விரும்பும் ஒரு வீடு தேவை. சொந்த வீடு இல்லாதோர், ஓரறை வீட்டில் வாழ்வோர் ஆகியோருக்கே மலிவான விடுமுறை மிகவும் தேவைப்படுகின்றது. அவர்களே இதற்கு வெளியே நிற்கின்றனர்.

கூட்டுக் குடும்பங்களில் வீடு ஒருபோதும் காலியாவதில்லை. முதியோர் வீட்டில் இருப்பர். கறவை மாடு வைத்திருக்கும் உழவர் குடும்பம் மாட்டை அறிமுகமற்றவரிடம் விட்டுச் செல்வது கடினம். நகைகளையும் ஆவணங்களையும் வீட்டில் வைத்திருப்போர் சாவியைக் கொடுக்கத் தயங்குவர்.

பூசை அறையும் சமையலறையும் மற்றொரு தடை ஆகும். புலால் உண்போருக்கு வாடகைக்கு வீடு மறுக்கப்படுவதும், சாதி, சமயம் கேட்டபின் வீடு கொடுப்பதும் இந்தியாவில் அறியப்பட்டவையே. வாடகை பெற்றுக்கொண்டே இவ்வாறு தேர்ந்தெடுக்கும் சமூகத்தில், வாடகையின்றிக் கொடுக்கும்போது இத்தேர்வு மேலும் கடுமையாகலாம். மாறாக, உணவுப் பழக்கம் பற்றி முன்னரே வெளிப்படையாகப் பேசி உடன்பட்டு, பின்னர் ஒருவர் அடுக்களையில் மற்றவர் சமைப்பது பழைய தயக்கங்களைக் குறைக்கும் வழியாகவும் அமையக்கூடும்.

தொடர்புடைய முறைகள்

சர்வாசு: 1949 இல் டென்மார்க்கில் தோன்றிய அமைதி இயக்கம். உலக அமைதிக்காக உறுப்பினர்கள் பயணிகளைத் தம் வீட்டில் கட்டணமின்றித் தங்க வைக்கின்றனர்.

கவுச்சர்ஃபிங்: 2004 இல் தொடங்கப்பட்ட இணைய வலையமைப்பு. தங்குமிடத்துக்குக் கட்டணம் இல்லை. எனினும் 2020 முதல் பல நாடுகளில் உறுப்பினர் கட்டணம் பெறப்படுகின்றது.

ஏர்பிஎன்பி: 2008 இல் தொடங்கப்பட்டது. வீட்டை வாடகைக்கு விடும் வணிக முறை என்பதால் பரிமாற்றத்தில் அடங்காது.

இவற்றையும் பார்க்க

சத்திரம்
விருந்தோம்பல்
பண்டமாற்று
ஒகேனக்கல்
பாலக்கோடு