வார்லி மக்களின் சுவரோவியம்

மார்கழித் திங்களில் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் தமிழர் இல்லங்களின் வாயிலில் அரிசி மாக்கோலத்தையும் அதன் விளிம்பில் இட்ட காவியையும் காணலாம். அதனை வரைந்தவர் யார் என்று எவரும் வினவுவதில்லை. வரைந்தவரும் தம் பெயரைப் பொறிப்பதில்லை. இதே அரிசி மாவையும் செம்மண்ணையும் கொண்டு, மும்பைக்கு வடக்கே நூறு கிலோமீட்டருக்கும் அப்பால், மற்றொரு மக்கள் நெடுங்காலமாகச் சுவர்களில் சித்திரம் தீட்டி வந்துள்ளனர். அவர்களே வார்லி எனப்படும் பழங்குடியினர். முன்பு தாணே மாவட்டத்தைச் சேர்ந்திருந்து, 2014இல் பால்கர் என்னும் தனி மாவட்டமாகப் பிரிந்த மலையடிவாரப் பகுதியில் அவர்கள் மிகுதியாக வாழ்கின்றனர்.

வார்லி ஓவியம் அலங்காரத்தின் பொருட்டுத் தோன்றியதன்று. திருமணச் சடங்கின் ஓர் அங்கமாகத் தோன்றியது. மணவீட்டின் சுவரைச் சாணத்தாலும் செம்மண்ணாலும் மெழுகி, நுனியை மென்று நாராக்கிய மூங்கிற் குச்சியை அரிசி மாவுக் குழம்பில் தோய்த்துச் சுமங்கலிப் பெண்கள் வரைவர். சௌக் எனப்படும் சதுரத்தின் நடுவே பாலகாட் என்னும் தாய்த் தெய்வம் இடம்பெறும். அச்சதுரம் எழுதப்படாமல் திருமணம் நிறைவுறாது. மனித உருவமோ எளிமையானது: முனையோடு முனை பொருந்திய இரு முக்கோணங்கள் உடலாகும், ஒரு வட்டம் தலையாகும். சுரைக்குடுவையாலான தார்ப்பா என்னும் குழலை ஒருவர் ஊத, அவரைச் சூழ்ந்து ஆடுவோர் சுருள் வடிவில் நீண்டு செல்வர்.

பெண்களுக்கே உரியதாயிருந்த இக்கலையை ஓர் ஆடவர் மேற்கொண்டது அதன் வரலாற்றில் பெரிய திருப்பமாகும். அவர் ஜிவ்யா சோமா மாஷே. 1934இல் பிறந்த அவர் இளமையிலேயே தாயை இழந்தார். அத்துயரால் அவர் பேச்சை மறந்தார் என்றும், புழுதியில் படம் வரைந்தே தம் கருத்தை உணர்த்தினார் என்றும் கூறுவர். பின்னர்த் தகாணு வட்டத்துக் கஞ்சாடு ஊரின் பக்கம் வாழ்ந்து, சடங்குக்காக மட்டுமன்றி, நாள்தோறும் தம் விருப்பத்தின்படி வரையலானார்.

1970களின் தொடக்கத்தில், கைவினைப் பொருள் வாரியத்தின் முயற்சியால் பாஸ்கர் குல்கர்ணி என்னும் ஓவியர் இப்பகுதிக்கு வந்தார். சுவரில் எழுதியதைத் தாளில் எழுதுமாறு தூண்டினார். 1975இல் மாஷேயின் படைப்புகள் மும்பையில் கெமோல்ட் காட்சிக்கூடத்தில் வைக்கப்பட்டன. 1976இல் தேசிய விருதும், 2011இல் பத்மஸ்ரீ விருதும் அவரை வந்தடைந்தன. 1989இல் பாரிஸ் நகரத்துப் பெருங்கண்காட்சி ஒன்றிலும் அவர் இடம்பெற்றார். சாணம் பூசிய துணியின்மேல் அவர் தீட்டிய மீன்வலையின் நுண்கோடுகளைக் கண்டோர், சுவரின் அளவுக்கு அடங்காத ஒரு தனித்திறனை அவற்றில் உணர்ந்தனர்.

2018இல் அவர் மறைந்தார். அவர் மக்களாகிய சதாசிவ், பாலு ஆகியோர் தந்தையின் தொழிலைத் தொடர்ந்தனர். அவர்களை அடுத்த தலைமுறையினரும் தூரிகை ஏந்தியுள்ளனர். இதனைக் குலமரபு என்று போற்றுகிறோம். அது தக்கதே. ஆயினும் தந்தையிடமிருந்து மகனுக்கு வரும் இம்மரபு அரை நூற்றாண்டுக்கு முன் தோன்றியதேயாகும். அதற்கு முன் தாயிடமிருந்து மகள் கற்றாள். மருமகள் மாமியிடம் கற்றாள். அவர்களுள் ஒருவர் பெயரும் நமக்கு எட்டவில்லை.

ஓவியம் சுவரைவிட்டுத் தாளுக்கு வந்ததனால் ஏழை உழவர்க்கு ஊதியம் கிடைத்தது. அவர்தம் பெயர் உலகறிந்தது. இது சிறு நன்மையன்று. அதே வேளையில், சடங்கு முடிந்தபின் மழையிலும் புகையிலும் மங்கிப்போக விடப்பட்ட படம் விலைபெறும் பொருளாயிற்று. புடவையிலும் கோப்பையிலும் அவ்வுருவங்கள் அச்சிடப்படும் இந்நாளில், வாங்குவோர் பலர் அவற்றின் பொருளை அறிவதில்லை. சௌக் எழுதும் பெண்ணின் கை ஓய்ந்துவிடுமாயின், இளம் ஓவியர்க்கு உருவங்கள் மட்டுமே எஞ்சும். அவ்வுருவங்களைப் பிறப்பித்த வழிபாடு எஞ்சாது.

ஆகவே, இக்கலையைத் தொடரும் இளைஞரை வாழ்த்தும்போது, அவர்க்கு முன் பெயரின்றி வரைந்த தாய்மாரையும் நினைவுகூர்தல் நம் கடமையாகும். விடியற்காலையில் வாயிலில் குனிந்து கோலமிடும் நம் இல்லத்துப் பெண்களைக் கண்டோர்க்கு இந்நினைவு எளிதில் தோன்றும்.